நீர்க்கரையில் நடந்த பறவை அறிஞர் சலீம் அலி

மலை ஏறிப் புகழ் பெற்றவர்கள் உண்டு. கடல் கடந்து புகழ் பெற்றவர்களும் உண்டு. ஏற்றமோ இறக்கமோ இல்லாத சமவெளியில், சேறும் தண்ணீரும் சூழ்ந்த மண்கரைகளின்மேல் மெல்ல நடந்தே உலகப் புகழ் பெற்ற ஒருவரும் நம் நாட்டில் வாழ்ந்தார். அவர்தாம் பறவை அறிஞர் டாக்டர் சலீம் அலி.

குருவியைச் சுட்ட சிறுவன் பின்னாளில் பறவைகளின் காவலர் ஆனார் என்ற அளவில் அவர் கதையை நம்மில் பலர் அறிந்திருக்கிறோம். ஆனால் கதை அங்கே முடிந்துவிடவில்லை. இராஜஸ்தானத்துப் பரத்பூர் நீர்நிலையோடு அவர் வாழ்வு பின்னிக் கிடந்தது. அந்த நீர்நிலையை அவர் காப்பாற்றினார். அவர் கொண்டிருந்த ஒரு கருத்தை அந்த நீர்நிலையே பின்னர் திருத்தியது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அவருடைய பெருமை நமக்கு முழுமையாக விளங்கும்.

பெண்கள் பள்ளியில் பயின்ற சிறுவன்

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். பெற்றோருக்கு அவர் பத்தாவது குழந்தை. ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜியும் மாமி ஹமீதா பேகமும் அந்தக் குழந்தைகள் அனைவரையும் தம் பிள்ளைகளாகவே வளர்த்தனர். சிறு வயதில் சலீம் தம் சகோதரிகள் இருவரோடு பம்பாய் கிர்காமில் இருந்த பெண்கள் பள்ளி ஒன்றில் பயின்றார் என்ற செய்தி நமக்கு மகிழ்ச்சி தருகிறது அல்லவா?

மாமா நல்ல வேட்டைக்காரர். மருமகனுக்கு விளையாட்டுத் துப்பாக்கி ஒன்று வாங்கிக் கொடுத்தார். சிறுவனும் குருவிகளைக் குறிபார்த்துச் சுட்டுத் திரிந்தான். ஆனால் அந்த வயதிலேயே கண்டதை எழுதி வைக்கும் பழக்கமும் அவனிடம் இருந்தது. கூடு காத்துக்கொண்டிருந்த ஆண் குருவியை ஒரு நாள் சுட்டான். பெண் குருவி சிறிது நேரத்தில் வேறொரு துணையைத் தேடிக்கொண்டது. அதையும் சுட்டான், மீண்டும் ஒன்று வந்தது. இப்படி ஏழு நாளில் எட்டு ஆண் குருவிகள் வீழ்ந்தன. கொடிய விளையாட்டுத்தான். இருந்தாலும் எண்ணிக்கையோடு அதைக் குறித்து வைத்த கையில் ஓர் ஆராய்ச்சியாளனின் தொடக்கம் இருந்தது.

ஒரு நாள் வீழ்ந்த குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் தெரிந்தது. அது என்ன பறவை என்று மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கே செயலாளராக இருந்த மில்லர்டு என்ற ஆங்கிலேயர், தயங்கித் தயங்கி வந்த சிறுவனை அன்போடு வரவேற்றார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொல்லி, பாடம் செய்த பறவைகள் நிறைந்த இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். நம் நாட்டில் இத்தனை வகைப் பறவைகளா என்று சிறுவன் வியந்து நின்றான். அந்த வியப்பு எண்பது ஆண்டுகள் அவரை விட்டு நீங்கவில்லை.

பட்டம் இல்லாத அறிஞர்

படிப்பில் சலீம் முதல் மாணவர் அல்லர். 1913இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் தட்டுத் தடுமாறித் தேறினார். பின்பு பர்மாவின் தவாய் பகுதிக்குச் சென்று குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலைக் கவனித்தார். கணக்குப் புத்தகத்தைவிடக் காடே அவர் மனத்தை ஈர்த்தது, தொழில் நொடித்தது. பம்பாய்க்குத் திரும்பி வணிகக் கல்வி பயின்றபோது, தூய சவேரியார் கல்லூரியின் தாவரவியல் அறிஞரான இயேசு சபைக் குரு பிளாட்டர் அவருடைய உண்மையான நாட்டத்தைக் கண்டுகொண்டார். விலங்கியலும் படிக்கும்படி அவரைத் தூண்டி வழிகாட்டினார். ஒரு மாணவனின் உள்ளத்தை உணர்ந்த ஆசிரியர் ஒருவர் குறித்த நேரத்தில் வாய்த்தது சலீம் பெற்ற பேறு.

1918இல் அவர் தெஹ்மினாவை மணந்தார். முறையான பட்டம் இல்லாததால் அரசு விலங்கியல் துறையில் எதிர்பார்த்த வேலை கிட்டவில்லை. அருங்காட்சியகத்தில் வருவோருக்கு விளக்கம் சொல்லும் பணி 1926இல் கிடைத்தது. அதிலிருந்து விடுப்பு எடுத்து ஜெர்மனிக்குச் சென்று, பெர்லின் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரெஸ்மான் என்ற பேரறிஞரிடம் பறவையியல் கற்றார். பறவையின் காலில் சிறு உலோக வளையம் பூட்டி அது போகும் வழியை அறியும் முறையையும் அங்கே கண்டார். 1930இல் நாடு திரும்பியபோது, நிதி இல்லை என்று அந்த வேலையே எடுக்கப்பட்டிருந்தது.

வேலை போனது வேறு ஒருவரை முடக்கியிருக்கும். சலீம் அலியும் தெஹ்மினாவும் பம்பாய்க்கு அருகே கடலோரச் சிற்றூரான கிஹிமில் குடியேறினர். அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. சலீம் அலி நாள்தோறும் மணிக்கணக்கில் அமர்ந்து அவற்றைக் கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகிறது. பெண் குருவி வந்து பார்த்துப் பிடித்திருந்தால் குடிபுகுகிறது. ஆண் மீதிக் கூட்டை முடித்துவிட்டு, அடுத்த துணைக்காக அடுத்த கூட்டைத் தொடங்குகிறது. காலங்காலமாக நம் ஊர்ப் பனை மரத்திலும் ஈச்ச மரத்திலும் நடந்துவரும் இந்த நிகழ்ச்சியைப் பொறுமையோடு பார்த்து அறிவுலகுக்குத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் அவரே. வேலையற்ற நாட்களில் செய்த இந்த ஆய்வுதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

அதன்பின் ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி முதலிய சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்தார். பயணச் செலவை மட்டும் சமஸ்தானம் ஏற்றால் போதும், தம் உழைப்புக்குக் கூலி வேண்டாம் என்பதே அவர் வைத்த ஏற்பாடு. கூடாரங்களில் தங்கும் அந்தக் கடின வாழ்வில் தெஹ்மினா முகம் சுளிக்காமல் உடன் வந்தார். கணவரின் ஆங்கில நடை செம்மையுறவும் உதவினார். 1939இல், ஒரு சிறிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் எதிர்பாராமல் அவர் இறந்தார். அந்தத் துயரம் சலீம் அலியை உலுக்கியது. சகோதரி வீட்டார் அவரை அரவணைத்துக்கொண்டனர். பணியே அவருக்கு மருந்தாயிற்று. 1941இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய நூல், சாதாரண மக்களின் கையில் பறவைகளைக் கொண்டுவந்து சேர்த்தது.

பரத்பூர் என்னும் நீர்ப் பூங்கா

இனி நாம் பரத்பூருக்குச் செல்வோம். ஆக்ராவுக்கு மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அந்நகரம். அதை அடுத்துள்ள பள்ளமான நிலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டில் சூரஜ்மல் மன்னர் காலத்தில் அமைந்த அஜான் அணையின் தண்ணீர் வந்து நிற்கும். நடுவே சிவபெருமானின் கேவலாதேவ் கோயில் இருப்பதால் அப்பகுதிக்குக் கேவலாதேவ் கானா என்று பெயர். கானா என்றால் அடர்ந்த காடு. மொத்தப் பரப்பு சுமார் 29 சதுர கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீர் தேங்கும் நிலம். மண்கரைகள் அதைப் பாத்தி பாத்தியாகப் பிரிக்கின்றன. ஆழமும் அதிகமில்லை, பெரும்பாலும் ஓர் ஆள் மட்டத்துக்குள்தான்.

அங்கே நடப்பதற்குக் கயிறும் வேண்டாம், கோடரியும் வேண்டாம். நல்ல காலும் கூர்ந்த கண்ணும் போதும். குன்று இல்லை, பாறை இல்லை. தரை பலகை போல் கிடக்கிறது. வாயிலிலிருந்து கோயில் வரை சுமார் 5 கிலோமீட்டர் நேர்ப்பாதை. நடந்தோ, மிதிவண்டியிலோ, சைக்கிள் ரிக்‌ஷாவிலோ செல்லலாம். ரிக்‌ஷா ஓட்டுவோரே பறவைகளின் பெயர்களைக் கற்று வழிகாட்டிகளாக விளங்குவது அந்தப் பூங்காவின் தனிச் சிறப்பு.

ஜூலை மாதத்தில் மழை பெய்து தண்ணீர் பரவியதும், நீரில் நிற்கும் கருவேல மரங்கள் பறவைகளின் குடியிருப்பாகிவிடும். நீர்க்காகம், பாம்புத்தாரா, வெண்கொக்கு, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், மஞ்சள் மூக்கு நாரை என ஒரே மரத்தில் பல குடும்பங்கள். மரத்துக்குக் கீழே தண்ணீர் நிற்பதால் தரை விலங்குகளின் தொல்லை குறைவு. குஞ்சுகளுக்கு வேண்டிய மீனும் தவளையும் அருகிலேயே கிடைக்கும். மழை பொய்த்துத் தண்ணீர் வராத ஆண்டில் கூடுகளும் குறைந்துவிடும்.

அக்டோபர் மாதம் தொடங்கினால் வடக்கிலிருந்து விருந்தாளிகள் வருவார்கள். ஊசிவால் வாத்து, கிளுவை, நாமக்கோழி, இமயத்தையே தாண்டிப் பறந்து வரும் பட்டைத்தலை வாத்து என்று நீர்ப்பரப்பே இரைச்சலாகும். தாமரை இலைமேல் இலைக்கோழி கால் பதித்து நடக்கும். கரையோரம் இணை பிரியாத சாரஸ் கொக்குகள் உலவும். உலர்ந்த மேட்டில் புள்ளிமானும் நீலமானும் மேயும். குளிர்காலத்து வெயிலில் மலைப்பாம்பு வளைக்கு வெளியே சுருண்டு கிடக்கும். இதுவரை அங்கே 370க்கும் மேற்பட்ட பறவை வகைகள் பதிவாகியுள்ளன என்றால் அதன் செழுமையை என்னென்பது!

இத்தகைய இடத்தில் சலீம் அலி எப்படி நடந்தார்? மோட்டார் சைக்கிளில் பறப்பது அவருக்கு உயிர். 1950இல் சுவீடனில் நடந்த மாநாட்டுக்குத் தம் மோட்டார் சைக்கிளையும் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றவர் அவர்! ஆனால் பறவைகளிடம் செல்லும்போது அந்த வேகமெல்லாம் ஒதுங்கிவிடும். நடை மெதுவாகும், பேச்சு நிற்கும், தொலைநோக்கி உயரும், குறிப்பேடு திறக்கும். காலந்தவறாமை அவருடைய விரதம். முகாமில் குறட்டை விடுவோரைக் கண்டால் மட்டும் அவருக்குப் பொறுக்காது! என்ன பறவை, எத்தனை, எங்கே, என்ன செய்துகொண்டிருந்தது என்பதை நினைவில் நிறுத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல் உடனுக்குடன் எழுதுவார்.

வேட்டைக் களம் காப்பிடம் ஆனது

பரத்பூர் முதலில் பறவைகளுக்காகக் காக்கப்பட்ட இடமன்று. மன்னரும் விருந்தினரும் வாத்து வேட்டையாடிய இடம். எந்த நாளில் யார் வந்து எத்தனை பறவைகளைச் சுட்டனர் என்பது கோயிலருகே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவற்றுள் மிகப் பெரிய எண்ணிக்கை 4,273. வைசிராய் லின்லித்கோ பிரபு வந்திருந்தபோது ஒரே நாளில் வீழ்ந்தவை அவை. அந்த நாள் 1938 நவம்பர் 12. அன்று சலீம் அலிக்கு 42 வயது நிறைந்தது!

நாடு விடுதலை பெற்றபின் புதிய ஆபத்து ஒன்று எழுந்தது. நீரை வடித்துவிட்டு அந்நிலத்தைப் பயிர் செய்யக் கொடுக்க வேண்டும் என்று பலர் கோரினர். நிலமற்ற ஏழைகளின் பெயரால் எழுந்த கோரிக்கையாதலால் மறுப்பதும் எளிதன்று. சலீம் அலி பிரதமர் நேருவின் கவனத்துக்கு இதைக் கொண்டுசென்று வாதாடினார். நீர்நிலை பிழைத்தது. 1956இல் அது பறவைகள் காப்பிடமாயிற்று. 1972 வரை மன்னருக்கு வேட்டை உரிமை நீடித்தது. அதன்பின் துப்பாக்கி ஓசை ஓய்ந்தது.

சலீம் அலி அங்கே தொடங்கிய வேலை வேறு வகையானது. 1960களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் பறவைகளைப் பிடித்து வளையமிட்டது. வலசைப் பறவைகள் நோய்களைச் சுமந்து வருகின்றனவா என்று அறிவதும் அதன் நோக்கம். பறவை பிடிப்பதைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட பீகாரின் மீர்ஷிகார்கள், இறகு கசங்காமல் பிடிக்கும் தம் திறமையை இந்தப் பணிக்குத் தந்தனர். படிப்பில்லாத அந்த மக்களின் அறிவைச் சலீம் அலி பெரிதும் மதித்தார். வளையம் பூண்ட வாத்துகள் தொலைவான சைபீரியாவில் அகப்பட்டு, தாம் போன வழியைச் சொல்லின. இதே பணி நம் தஞ்சைத் தரணியின் கோடிக்கரையிலும் நடந்தது. உப்பு நீர்ச் சதுப்பில் வந்திறங்கும் பூநாரைகளையும் உள்ளான்களையும் தேடி அவர் அங்கும் வந்திருக்கிறார்.

எருமைகள் கற்பித்த பாடம்

இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய நிகழ்ச்சி வருகிறது. கானாவுக்குள் சுற்றுவட்டாரக் கிராமங்களின் மாடுகளும் எருமைகளும் தலைமுறை தலைமுறையாக மேய்ந்து வந்தன. அவை பறவைகளின் வாழ்விடத்தைக் கெடுக்கின்றன என்று அறிஞர் பலர் கருதினர். சலீம் அலியும் அவ்வாறே கருதினார். 1982இல் பரத்பூர் தேசியப் பூங்காவாக ஆனதும் மேய்ச்சலுக்குத் தடை விதிக்கப்பட்டது. வாழ்வு முட்டிய கிராமத்தார் எதிர்த்து நின்றனர். மோதலில் காவல் துறையினர் சுட்டதில் சில உயிர்கள் போயின. பறவைகளைக் காக்க எழுந்த சட்டம் மனித உயிரை வாங்கியது மறக்கத் தகாத துயரம்.

பறவைகளேனும் பெருகினவா? இல்லை. ஒருவகை நீர்ப்புல் தடையின்றி வளர்ந்து தண்ணீரை மூடிக்கொண்டது. புல் மண்டிய இடத்தில் மீன் குறைந்தது. வாத்துகள் இறங்கி நீந்துவதற்கு வெட்டவெளி இல்லாமற் போயிற்று. இத்தனை நாளும் அந்தப் புல்லை அடக்கி வைத்திருந்தவை எருமைகளே என்பது அப்போதுதான் புலப்பட்டது. இதைக் கண்டறிந்தவர்கள் யார்? சலீம் அலியின் சொந்தக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்களே! 1980 முதல் ஏறத்தாழ பத்தாண்டுகள் அந்தக் கரைகளில் நடந்து நடந்து, நீரையும் புல்லையும் மீனையும் பறவையையும் அளந்து, கண்டதை மறைக்காமல் எழுதினார்கள். தம் பெருந்தலைவரின் கருத்துக்கு மாறாக இருக்கிறதே என்று அவர்கள் முடிவை மாற்றி எழுதவில்லை.

ஆய்வு நிறைவடைந்தபோது சலீம் அலி உயிரோடு இல்லை. ஆனாலும் இதனால் அவர் புகழ் குறையவில்லை என்றே நாம் கருதுகிறோம். பெரியவர் சொன்னார் என்பதற்காக ஏற்காதே, நீயே போய்ப் பார், பார்த்ததை எழுது என்பது அவர் வாழ்நாளெல்லாம் கடைப்பிடித்த நெறி. அந்த நெறியே அவரையும் திருத்தியது. பின்னாளில் கிராமத்தார் பூங்காவில் புல் அறுத்துக்கொள்ள அனுமதி பெற்றனர். அங்கே பரவிய சீமைக் கருவேலத்தை வெட்டி அகற்றும் பணியிலும் பங்கு கொண்டனர். பறவையும் மனிதரும் ஒருவர்க்கொருவர் பகைவர் அல்லர் என்பதை இவ்வளவு விலை கொடுத்துக் கற்க நேர்ந்தது.

வராமற்போன விருந்தாளி

பரத்பூரின் கதையில் ஆறாத சோகம் ஒன்றும் உண்டு. சைபீரியாவிலிருந்து பனி போல் வெள்ளை நிறமும் சிவந்த முகமும் கொண்ட பெருங்கொக்குகள் ஆண்டுதோறும் வந்து, ஆழமற்ற நீரில் கோரைக்கிழங்கு தோண்டி உண்ணும். 1960களின் நடுவில் சுமார் 200 கொக்குகள் வந்தன. வரும் வழியில் வேட்டைக்கு இரையாகி அவை ஆண்டுக்கு ஆண்டு குறைந்தன. 2002க்குப் பின் ஒன்றுகூட அங்கே காணப்படவில்லை. ஒரு பூங்காவைக் காத்துவிட்டால் மட்டும் போதாது. பல நாடுகளின் வானத்தையும் கரையையும் சேர்த்துக் காக்க வேண்டும் என்பதை அந்த வெற்றிடம் உணர்த்துகிறது. தண்ணீர் வரும் ஆற்றில் மேலே அணை கட்டியதால் பூங்கா தாகத்தால் வாடிய ஆண்டுகளும் உண்டு. பின்னர் குழாய் வழியே வெளியிலிருந்து நீர் கொண்டுவரும் ஏற்பாடு செய்யப்பட்டது. 1985 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்கும் இடத்துக்கே இந்த நிலை!

எஞ்சிய புகழ்

டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து சலீம் அலி எழுதிய பத்துத் தொகுதிகள் கொண்ட பறவைக் களஞ்சியம் 1974இல் நிறைவுற்றது. 1976இல் பத்ம விபூஷண் விருது அவரை நாடி வந்தது. 50,000 டாலர் மதிப்புள்ள கெட்டி பரிசும் கிடைத்தது. அத்தொகையை இயற்கைப் பாதுகாப்புக்கே ஒப்படைத்தார். 1985இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1987இல் தமது 90ஆம் வயதில் மறைந்தார். கோயம்புத்தூருக்கு அருகே 1990இல் தோன்றிய பறவையியல் ஆராய்ச்சி நிறுவனம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அன்புத் தோழியரே, நாம் எல்லோரும் பரத்பூருக்குச் செல்ல இயலாமற் போகலாம். ஆனால் ஏரியும் கண்மாயும் இல்லாத ஊர் தமிழகத்தில் அரிது. மழைக்குப் பின் ஒரு விடியற்காலையில் பெரியவர்கள் துணையோடு ஏரிக்கரைக்குச் செல்வோம். பளிச்சென்ற உடை வேண்டாம். சூரியன் முதுகுப்புறம் இருக்கட்டும். அரட்டையைச் சற்றே நிறுத்துவோம். கொக்கு எத்தனை, நாரை எத்தனை, எது நிற்கிறது, எது உண்கிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாளும் நேரமும் இட்டு எழுதுவோம். அடுத்த ஆண்டும் அதே நாளில் சென்று எண்ணுவோம். கூடியிருந்தால் மகிழ்வோம், குறைந்திருந்தால் காரணம் தேடுவோம். நாம் நினைத்தது தவறென்று அந்த நோட்டு சொன்னால், நோட்டின் பக்கமே நிற்போம். சலீம் அலிக்கு நாம் செய்யத்தக்க வணக்கம் இதுவே.